நூறு மடங்கு ஜூமும் ஒரு தோல் செலக்டரும்

இந்தத் தீபாவளி போனஸில் புது போன் வாங்குவதென்று நான் முடிவு செய்தேன். 'நான்' என்பதைக் கொஞ்சம் அழுத்தி வாசிக்கவும். எங்கள் வீட்டில் இப்படி ஒரு வாக்கியம் சொல்ல எனக்கு அபூர்வமாகத்தான் வாய்ப்பு கிடைக்கிறது.

சாதாரண போன் இல்லை. நூறு மடங்கு ஜூம் வைத்த போன். ஆம்பூர் மொட்டை மாடியில் நின்றுகொண்டு வாணியம்பாடியில் யார் டீயை ஊதிக் குடிக்கிறார்கள் என்று பார்க்கலாம். கொஞ்சம் கூட்டிச் சொல்கிறேன். கடைக்காரன் இதைவிடக் கூட்டிச் சொன்னான்.

நான் ஒரு ஷூ கம்பெனியில் தோல் செலக்டர். பெயர் இன்பராஜ். டேனரியிலிருந்து பதமாகி வரும் தோலை மேஜையில் விரித்து, ஜன்னல் வெளிச்சத்தில் புரட்டி, எங்கே உண்ணி கடித்திருக்கிறது, எங்கே முள் கீறியிருக்கிறது, எங்கே சுருங்கியிருக்கிறது என்று பார்த்து, குறை உள்ள இடத்தில் சாக்பீஸால் வட்டம் போடுவேன். பிறகு முதல் செலக்‌ஷன், இரண்டாம் செலக்‌ஷன், ரிஜெக்ட் என்று பிரிப்பேன். குறை கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவன். கல்யாண வீட்டுக்குப் போனால் மாப்பிள்ளை முகத்துக்கு முன்னால் அவர் பெல்ட்டைத்தான் பார்ப்பேன்.

வீட்டில் இதே வேலையை என் மனைவி ஷர்மிளா சம்பளம் இல்லாமல் செய்கிறாள். அவள் மேஜையில் விரிந்து கிடக்கும் தோல் நான்.

என்னை இந்த ஜூம் ஆசையில் தள்ளியவர்கள் இரண்டு பேர். ஒருவர் எங்கள் கம்பெனி ஃபினிஷிங் செக்‌ஷன் மூர்த்தி. அவர் வாங்கிய போனில் நிலாவை எடுத்து வந்து காட்டினார். நிலாவில் பள்ளம் பள்ளமாக இருந்தது. "இரண்டாம் செலக்‌ஷன்தான் வரும்" என்றேன். இன்னொருவர் எதிர்வீட்டு வேலாயுதம். குடியாத்தத்தில் லுங்கி தறி வைத்திருக்கிறார். டிசைன் படம் அனுப்ப என்று சொல்லி வேறு கம்பெனி போன் வாங்கி, பள்ளிகொண்டா பக்கம் ஹைவேயில் நின்றபடியே ரங்கநாதர் கோயில் கோபுரத்துப் பொம்மையின் மூக்கை எடுத்துவிட்டார். என் போனில் அந்தக் கோபுரம் முழுதாக ஒரு புள்ளி.

விஷயத்தை ஷர்மிளாவிடம் சொன்னேன்.

"போனஸ் வந்தா போன் வாங்கலாம்னு இருக்கேன்."

"வாங்கலாமே."

இவ்வளவு சீக்கிரம் எனக்குச் சம்மதம் கிடைத்ததாகச் சரித்திரம் இல்லை. அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

"யாருக்கு?" என்றாள்.

"எனக்குத்தான்."

"உங்க போனுக்கு இன்னா ஆச்சு?"

"ஜூம் கம்மி."

"என் போனுக்கு இன்னா ஆச்சுன்னு தெரியுமா?"

தெரியும். கீழே விழுந்ததில் பாதித் திரை கறுத்துவிட்டது. ஆலங்காயத்தில் இருக்கும் அவள் தங்கை வீடியோ காலில் வந்தால் நெற்றி மட்டும் தெரியும். அந்த நெற்றியோடுதான் அவள் சண்டையும் சமாதானமும் நடத்திக்கொண்டிருந்தாள்.

"அதை ரிப்பேர் பண்ணிக் குடுத்துடறேன்."

"வீட்டுக்கு இந்த வருஷம் ஒரு போன்தான். ஞாபகம் வச்சுக்குங்க. சரி, எந்த போனு?"

அங்கேதான் பேஜார். மூர்த்தி போனா, வேலாயுதம் போனா? ஒரு மாதமாக யூடியூபில் பார்க்கிறேன். ஒருவன் இதுதான் ராஜா என்கிறான். அடுத்தவன் அதை மந்திரியாகக்கூட வைக்க மாட்டேன் என்கிறான்.

"எவனோ சொல்றதை ஏன் கேக்கறீங்க? நீங்க செலக்டர்தானே?" என்றாள் ஷர்மிளா. "ரெண்டு போனையும் ஒரு நாளைக்கு வாங்கிட்டு வாங்க. ரெண்டுலயும் ஜூம் போட்டு எடுத்து டிவில காட்றேன். நீங்க பார்த்துச் சொல்லுங்க. எது நல்லதோ அதை வாங்கிடலாம்."

'நீங்க செலக்டர்தானே' என்று அவள் வாயால் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் ஊதிவிட்டது. அந்த வேகத்தில் சட்டதிட்டங்களை நானே போட்டேன்.

"எந்தப் படம் எந்த போன்ல எடுத்ததுன்னு எனக்குத் தெரியக் கூடாது. ஒண்ணு, ரெண்டுன்னு நம்பர் மட்டும் போடு. எதை எடுத்தேன்னும் சொல்லாத. கம்பெனில இது எந்த ஊரு மாடு, எந்த டேனரின்னு கேட்டா செலக்ட் பண்றேன்?"

"எதை எடுத்தேன்னும் சொல்லக் கூடாதா?"

"கூடாது."

"நீங்களே சொல்லிட்டீங்க. சரி" என்றாள்.

சனிக்கிழமை மூர்த்தியிடம் கேட்டேன். பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற தகப்பன்போல நூறு புத்தி சொல்லி, கண் கலங்கி, போனைக் கையில் கொடுத்தார். வேலாயுதம் நல்ல மனுஷன். "ஒரு நாள்தானே, எடுத்துக்க தோஸ்த்" என்று கொடுத்துவிட்டு லுங்கி லோடு விஷயமாக வேலூர் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் விட்டு வந்ததும் ஷர்மிளா என்னைக் கறிக்கடைக்கு அனுப்பினாள். நான் திரும்பி வருவதற்குள் படமெடுத்து முடித்திருந்தார்கள். உதவிக்கு வேலாயுதத்தின் மனைவி சுந்தரி. எங்கள் மாடியிலும் அவர்கள் மாடியிலும் மாறி மாறி நின்று எடுத்ததாகச் சொன்னார்கள்.

சாயங்காலம் பென் டிரைவை டிவியில் சொருகினாள். நான் நடு ஹாலில் நாற்காலி போட்டு, கம்பெனியில் நிற்பதுபோல ஜன்னல் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். கையில் சாக்பீஸ்கூட இருந்தது. பழக்கதோஷம்.

முதல் ஜோடி, தண்ணீர் டேங்க். நம்பர் ஒன்றில், டேங்குக்குப் பெயிண்ட் அடித்தவன் மூலையில் எழுதிவைத்த அவன் பெயர்வரை தெரிந்தது. நம்பர் இரண்டில் எழுத்து கொழகொழவென்று இருந்தது.

"ஒண்ணு" என்றேன்.

அடுத்த ஜோடி, சர்ச் கோபுரத்துக் கடிகாரம். ஒன்றில் முள்ளின் துரு தெரிந்தது. இரண்டில் கடிகாரம் நேற்று வாங்கியதுபோல மின்னியது.

"ஒண்ணு. சந்தேகமே இல்ல. இரண்டு நம்பர் போன் மழுப்புது."

"கடைசி ஒண்ணு இருக்கு" என்று ஷர்மிளா பொத்தானை அழுத்தினாள்.

டிவி முழுக்கத் தோல்.

என்ன தோல், எதன் தோல், ஒன்றும் தெரியவில்லை. ஓரம் இல்லை, வடிவம் இல்லை. மேஜையில் விரித்த மாதிரி திரை நிறைய விரிந்திருந்தது. அவ்வளவுதான். நான் போனை மறந்தேன். கேமராவை மறந்தேன். எழுந்தே நின்றுவிட்டேன். தோல் என்று ஒன்று கண்ணில் பட்டால் எனக்கு வேறு எதுவும் தெரியாது.

"நம்பர் ஒண்ணு!" என்று கம்பெனிக் குரலில் கத்தினேன். "இந்த எடத்துல சுருக்கம். இது வெயில்ல அடிபட்ட தோலு. இங்க பாரு, பள்ளம், உண்ணி கடிச்ச மாதிரி. அங்க ஒரு கறை. வயசான உருப்படி, நல்லா தீனி போட்டு வளக்கல."

"அப்படிங்களா" என்றாள் ஷர்மிளா.

சாக்பீஸால் டிவிமீதே வட்டம் போட்டேன்.

"ஷூவுக்கு முன்பக்கம் ஆகவே ஆகாது. லேஸுக்கு அடியில வர்ற நாக்குக்குப் போடலாம். அதுவும் ஷூ வாங்கற வெள்ளைக்காரன் பார்க்காத எடமா இருந்தா. ரிஜெக்ட்!"

"நம்பர் ரெண்டு?"

அடடா. நம்பர் இரண்டு! ஒரு சுருக்கம் இல்லை. ஒரு புள்ளி இல்லை. வெண்ணெய்.

"ஃபர்ஸ்ட் செலக்‌ஷன்! இப்படி ஒரு தோலு பார்த்து எத்தனை வருஷம் ஆச்சு! இது மட்டும் என் கைக்கு வந்துச்சுன்னா யாருக்கும் குடுக்க மாட்டேன், ஷர்மி!"

"தடவிப் பார்க்கணும் போல இருக்கா?"

"இருக்கு!"

ஷர்மிளா டிவியை அணைத்தாள். அடுப்பில் குக்கர் ஒருமுறை விசிலடித்தது.

"ஒண்ணு, என் கன்னம்" என்றாள். "ரெண்டு, சுந்தரி கன்னம்."

கையிலிருந்த சாக்பீஸைச் சட்டைப் பைக்குள் ஒளித்தேன்.

"ஒரே பொருளைத்தானே ரெண்டுலயும் எடுக்கணும்..." என்று முனகினேன்.

"கடைசி ஒண்ணு மட்டும் மாத்தி எடுத்துப் பார்த்தோம். எதை எடுத்தேன்னு சொல்லக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஷர்மி, நான் தோலைத்தான்..."

"தெரியுது. கைக்கு வந்தா குடுக்க மாட்டீங்க. இதை நான் சுந்தரிகிட்ட சொல்லவா, இல்ல வேலாயுதம் அண்ணன் வேலூர்லேர்ந்து வந்ததும் அவர்கிட்டயே சொல்லவா?"

வேலாயுதம் நல்ல மனுஷன் என்று சொன்னேன். தறிப்பட்டறையில் வளர்ந்த கை அவருக்கு. அந்தக் கையை நினைத்துப் பார்த்தேன்.

"போன் உனக்கே ஷர்மி."

"நான் கேக்கலையே."

"நானா குடுக்கறேன்."

"மனசாரவா?"

"மனசார."

"சரி, இவ்ளோ சொல்றீங்க" என்று பெரிய மனதோடு ஒப்புக்கொண்டாள். "எனக்கு ரெண்டாம் நம்பர் போனு."

எனக்கு அழுகையே வந்தது. "அது மழுப்புது ஷர்மி! ஒண்ணுதான் உள்ளதை உள்ளபடி காட்டுது!"

"உள்ளதை உள்ளபடி சொல்ல ஒரு போன் எதுக்கு? அதுக்குத்தான் நீங்க இருக்கீங்களே."

போனஸ் வந்தது. போன் வந்தது. என் சட்டைப் பைக்கு அல்ல, அவள் கைப்பைக்கு. அது போகட்டும் என்று விட்டிருப்பேன். எதிர்வீட்டு முகத்தில் விழிக்கிற தைரியம்தான் இல்லை. தெருவில் சுந்தரி நின்றால் பின்சந்து வழியாகச் சுற்றிப் போனேன். வேலாயுதம் டீ குடிக்கக் கூப்பிட்டால் வயிறு சரியில்லை என்றேன். "இன்பராஜ், ஜாஸ்தி நாளா உனக்கு வயிறு சரியில்லையே, ஆஸ்பத்திரிக்குப் போலாமா?" என்று அந்த மனுஷன் கவலைப்பட்டது வேறு என்னை அறுத்தது. ராத்திரி சாப்பிடும்போது ஷர்மிளாவின் கன்னத்தைத் திருட்டுத்தனமாகப் பார்ப்பேன். நல்ல கன்னம்தான். இதையா ரிஜெக்ட் என்றேன் என்று உண்மையாகவே வருத்தமாக இருந்தது. இதையும் சொல்ல வழியில்லை. சொன்னால் அந்தப் பேச்சை மறுபடி எடுக்க வேண்டும்.

ஒருநாள் பின்சந்திலேயே சுந்தரி எதிரே வந்துவிட்டாள்.

"இன்னாண்ணா, பார்க்கவே முடியல? அக்கா எங்க போன் மாதிரியே வாங்கிட்டாங்களாமே. நான் எடுத்த படத்தைப் பார்த்துதானே முடிவு பண்ணீங்க?"

"நீ எடுத்ததா?"

"ஆமாண்ணா. கடைசில அக்கா கன்னத்தை ரெண்டு போன்லயும் எடுத்தேனே. எங்க போன்ல அந்த அழகு காட்ற பட்டனை ஆஃப் பண்ண மறந்துட்டேன். டெஸ்ட்டு தப்பாயிடுமேன்னு சொன்னேன். அக்காதான், விடு சுந்தரி, அவரு செலக்டரு, பொண்டாட்டி மூஞ்சி தெரியாதான்னாங்க."

"ரெண்டும் ஷர்மிளாவா? உன்னை யாரும் எடுக்கலையா?"

"என்னை எதுக்குண்ணா எடுக்கணும்?"

நான் ஓடினேன். செருப்போடு வீட்டுக்குள் ஓடினேன். ஷர்மிளா புது போனில் தங்கையின் முழு முகத்தோடு பேசிக்கொண்டிருந்தாள்.

"போனை வை! எல்லாம் தெரிஞ்சு போச்சு. ரெண்டு படமும் நீதான்!"

"ஆமா" என்றாள், சற்றும் அசையாமல்.

"அப்ப நான் ஃபர்ஸ்ட் செலக்‌ஷன்னு சொன்னது உன்னை! தடவிப் பார்க்கணும்னு சொன்னது உன்னை! என் மேல ஒரு தப்பும் இல்ல. அந்த போன் எனக்குச் சேர வேண்டியது. குடு!"

ஷர்மிளா போனை என் பக்கம் நீட்டினாள். எவ்வளவு சாந்தமான முகம்.

"எடுத்துக்குங்க. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிட்டு எடுத்துக்குங்க. அப்ப வயசான உருப்படின்னு வட்டம் போட்டு, நாக்குக்குத்தான் ஆகும்னு ரிஜெக்ட் பண்ணீங்களே, அது யாரை?"

போனை வாங்கிக்கொண்டேன். சார்ஜ் குறைவாக இருந்தது. கொண்டுபோய்ச் சொருகிவிட்டு, நிறைந்ததும் அவளிடம் கொடுத்தேன்.