சியாமுக்குப் போக ஓர் ஆங்கிலப் பரீட்சை

பகாவ் பக்கத்துத் தோட்டம்,
1943.

சிரம்பானில் இருக்கும் மரியாதைக்குரிய மச்சான் திருநாவுக்கரசு அவர்களுக்கு, உங்கள் தங்கை மயிலம்மாளின் கணவன் கணேசமூர்த்தி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லாரும் உயிரோடு இருக்கிறோம். மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு என்பதைத் தவிர வேறு குறையில்லை. அங்கேயும் அவ்வாறே என்று நம்புகிறேன். தபாலில் போட்டால் வேறு யாராவது முதலில் படித்துவிடுவார்கள் என்பதால் மாட்டுவண்டிக்காரர் சன்னாசியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

ஆங்கிலப் பள்ளியை ஜப்பான்காரர்கள் மூடியபின் நான் இத்தோட்டத்தில் கிழங்குக் கொல்லையைப் பார்த்துக்கொள்வது தங்களுக்குத் தெரியும். சென்ற வாரம் இங்குள்ள ஜப்பான் அதிகாரி, சியாமில் ரயில் பாதை போடும் இடத்துக்கு ஆங்கிலம் தெரிந்த மொழிபெயர்ப்பாளன் ஒருவன் வேண்டும், பரீட்சை வைத்து ஆளைப் பொறுக்கு என்று எனக்கு உத்தரவிட்டார். தேறினால் வெள்ளை அரிசி, வெள்ளைச் சட்டை என்று கூலிகளை மேய்க்கும் மண்டோர் லயம் லயமாகச் சொல்லிவிட்டார். இதற்கு முன் சியாமுக்கு லாரி ஏறியவர்களிடமிருந்து ஒரு வரிகூட வரவில்லை என்பதை அவர் சொல்லவில்லை. என் பழைய மாணவர்கள் மூன்று பேர், இப்போது மீசை வைத்த ஆண்பிள்ளைகள், ஓடி வந்தார்கள். அவர்களில் தங்கராஜுவைத் தனியே கூப்பிட்டு, "வேண்டாமப்பா, போனால் திரும்ப மாட்டாய்" என்றேன். "பள்ளிக்கூடத்துலயும் இப்படித்தான் சார் சொன்னீங்க, நீ தேற மாட்டேன்னு. இந்தத் தடவ பாருங்கலா!" என்றான்.

எனக்குக் கவலையில்லை. இவர்களின் ஆங்கிலத்தை நான் அறிவேன். எப்படியும் தேற மாட்டார்கள் என்று தைரியமாக, "நீ சென்ற ஒரு ரயில் பயணம்" என்று கட்டுரைக்குத் தலைப்புக் கொடுத்தேன். நம்பிக்கை வீண்போகவில்லை. இராஜமாணிக்கம் கேள்வியையே முத்து முத்தான கையெழுத்தில் இரண்டு முறை எழுதிவிட்டு நிறுத்திக்கொண்டான். மைக்கல்ராஜ் 'டிரெயின்' என்றால் பயிற்சி என்று எடுத்துக்கொண்டு, பள்ளித் திடலில் கையைத் தூக்கி இறக்கிய கதையை எழுதினான். அதிலும் நேற்றுப் போகிறான், நாளைக்குப் போனான். தங்கராஜுவோ, தந்தையை இழந்த நண்பனுக்கு ஆறுதல் கடிதம் ஒன்றை என்னிடம் படித்த நாளில் மனப்பாடம் செய்தவன். அதனால் ரயில் கிம்மாஸ் வந்து சேருவதற்குள் எதிர் இருக்கையில் ஒரு நண்பனை உட்கார வைத்து, அவன் தந்தையைச் சாகடித்து, அந்தக் கடிதம் முழுவதையும் இறக்கிவிட்டான். அதன்பின் ரயில் நகரவேயில்லை. ஒருமைக்குப் பன்மை, பன்மைக்கு ஒருமை, தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் எழுதிய வாக்கியங்கள், முற்றுப்புள்ளி மருந்துக்கும் கிடையாது.

ஆனால் தாள்களை அதிகாரியே பார்க்கப் போகிறார் என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று. அவர் படிக்கவில்லை, மச்சான். தாள்களை மேசையில் பரப்பி விரலால் சாண் போட்டு அளந்தார்! தங்கராஜுவுடையதுதான் மிக நீளம். "திஸ் மேன் நம்பர் ஒன்! கோ சியாம்!" என்று அவன் தோளில் தட்டினார். அவன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். வெளியே நின்ற அவன் தாய் ராக்கம்மா, மகனுக்கு வேலை கிடைத்ததென்று சாமியைக் கும்பிட்டாள். சிவப்புப் பென்சிலை எடுத்தேன். அதிகாரி கண்ணெதிரிலேயே வரிக்கு வரி அடித்தேன். காலம் தவறு, எழுத்துத் தவறு, கேட்ட கேள்விக்குப் பதிலில்லை என்று விளக்கினேன். தாள் முழுவதும் சிவந்துவிட்டது. தங்கராஜுவின் முகமும் அப்படித்தான். "பொறாம சார் உங்களுக்கு, வேற ஒண்ணும் இல்லலா!" என்று கத்திவிட்டு வெளியேறினான். அதிகாரி சிவந்த தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "யூ நோ ஆல் மிஸ்டேக். யூ நம்பர் ஒன். யூ கோ" என்றார்.

ஆகவே மச்சான், அடுத்த வாரம் நான் சியாமுக்குப் போகிறேன். மயிலம்மாள் அழவில்லை, பானை சட்டிகளை ஓசைப்பட வைக்கிறாள், அது அழுகையைவிடக் கஷ்டமாக இருக்கிறது. தாங்கள் உடனே வந்து அவளை அழைத்துச் செல்லுங்கள். அக்காவுக்கு என் அன்பு. வீட்டில் எல்லாரும் நோய்நொடியின்றி இருக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள
கணேசமூர்த்தி

பி.கு.: மேலே எழுதியதை விட்டுவிடுங்கள், வர வேண்டாம். சன்னாசியின் மாடு நொண்டியதால் கடிதம் என் சட்டைப்பையிலேயே கிடந்தது. இன்று காலை அதிகாரி என்னைப் பேச வைத்துப் பார்க்க ஆபீசுக்குக் கூப்பிட்டார். ரயில் புறப்படும் நேரத்தைத் தெரிவித்தால் பெரிதும் கடமைப்பட்டவனாவேன் என்று, இலக்கணம் பிசகாமல், ஆங்கிலத்தில் கேட்டேன். அவருக்கு விளங்கவில்லை. மறுபடி நிறுத்திச் சொன்னேன். மேசையைக் குத்தினார். வெளியே ரப்பர் ஷீட் அடுக்கிக்கொண்டிருந்த தங்கராஜுவைக் கூப்பிட்டு, "வாட் ஹி ஸே?" என்றார். தங்கராஜு என் முகத்தை ஒரு முறை பார்த்தான். "மாஸ்டர் ஸே, மாஸ்டர் சிக். நைட் காஃப், மார்னிங் காஃப். மாஸ்டர் டிரெயின் கோ, ஆல் மேன் காஃப்" என்றான். அதிகாரிக்கு அத்தனையும் விளங்கியது. நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். எனக்கு ஆங்கிலம் தெரியாதென்று தீர்ப்பாயிற்று. தங்கராஜு இனி இந்த ஆபீசிலேயே அவருக்கு மொழிபெயர்ப்பாளன். சியாமுக்கு வேறு தோட்டத்தில் ஆள் தேடுகிறார்கள். வெளியே வந்ததும், "ரயில் நேரத்தைத்தானே கேட்டேன், தங்கராஜு?" என்றேன். "அப்படியா சார்? எனக்கு இருமல்னுதான் கேட்டுச்சு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் உண்மையாகச் சொன்னானா என்று தெரியவில்லை, கேட்கவும் துணிவில்லை. ஆபீஸ் பக்கம் போனால் மட்டும் மறக்காமல் இருமுகிறேன்.