கையில் கிளவுஸ், காலில் புத்தி

இரண்டு விளையாட்டு ஆடுகிற பெண்ணைப் பார்த்தால் எல்லோருக்கும் அறிவுரை சொல்ல நாக்கு அரிக்கும். “ஏதாவது ஒண்ணை உருப்படியா பண்ணேம்மா.” நான் இந்திய ஹாக்கி அணியின் கோல்கீப்பர். தமிழ்நாட்டுப் பெண்கள் கிரிக்கெட் அணியின் விக்கெட் கீப்பர். இரண்டையும் உருப்படியாகத்தான் செய்துகொண்டிருந்தேன். அறிவுரை சொன்ன ஒருவரும் ஒரு விளையாட்டைக்கூட ஆடியதில்லை (கேரம்கூட). அவர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம்தான். அதைவிடப் பெரிய கோபம், ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் சொன்னதை நிரூபித்துக் காட்டிய என் இடது கால் மேல்.

கிரிக்கெட் கோச் பாஸ்கர் சார் முன்கூட்டியே சொல்லிவிட்டார். “ஃபைனலுக்கு இந்திய டீம் செலக்டர் வர்றாங்க. நீ சொதப்பினா ஹாக்கியை விட்டுடணும். இல்லேன்னா என் டீமை விட்டுடு. சரியா?”

“சரி சார்” என்றேன். (வாய்க்கொழுப்பு.)

முந்தின நாள் முழுக்க ஹாக்கிப் பயிற்சி. ஹாக்கியில் கோல்கீப்பர் பந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது. வந்த வேகத்தில் உதைத்துத் தள்ள வேண்டும். பொழுது சாய்கிற வரை அதைத்தான் செய்தேன்.

ஞாயிறு காலை சாந்தோம் வீட்டில் சீக்கிரமே எழுந்துவிட்டேன். தம்பி ஜெரால்டை எழுப்பி, எலுமிச்சம்பழங்களைத் தூக்கிப் போடச் சொன்னேன். ஒழுங்காகத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒன்று மட்டும் தாழ்வாக வந்தது. அது மாதா சொரூபத்தை ஒட்டிப் பறந்து சுவரில் மோதியபோதுதான், நான் உதைத்ததே எனக்குத் தெரிந்தது.

“இன்னாக்கா இது?”

“கை வழுக்கிடுச்சுடா.”

“கையா?”

பூசைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அம்மா நெஞ்சில் சிலுவை போட்டாள். “மாதாவையே உதைக்கப் பாத்தியாடி? இன்னிக்கு விளங்கினாப்லதான்.”

மயிலாப்பூரில் ஒரு கல்லூரி மைதானத்தில் ஃபைனல். வந்த ஒவ்வொரு பந்தையும் கைக்குழந்தையை வாங்குகிற மாதிரி வாங்கினேன். கால்களிடம் மட்டும் மனசுக்குள் கெஞ்சிக்கொண்டே இருந்தேன்: இன்னிக்கு ஒரு நாள் சும்மா இருங்க.

கடைசிப் பந்து. எதிரணிக்கு ஜெயிக்க மூன்று ரன் வேண்டும். அடித்துவிட்டு ஒரு ரன் ஓடினார்கள், இரண்டாவதுக்குத் திரும்பினார்கள். பந்தை எடுத்த எங்கள் ராணி என்னைப் பார்த்து வீசினாள். என் பக்கம் ஓடி வந்த பெண் பாதி பிட்ச்கூடத் தாண்டவில்லை. பிடித்து ஸ்டம்பில் தட்டினால் போதும், கோப்பை எங்களுக்கு.

பந்து தாழ்வாக வந்தது.

எனக்குப் பின்னால் கோல் போஸ்ட் இருப்பதாகத் தோன்றியது. அவ்வளவுதான். இந்தியாவுக்கு ஆடும்போதுகூட நான் அப்படி ஒரு உதை உதைத்ததில்லை. பந்து எல்லைக்கோட்டைத் தாண்டிப் போய் டீ கேனில் மோதி நின்றது. நாலு ரன். போதாக்குறைக்கு இரண்டு கையையும் தூக்கி, “க்ளியர்!” என்று கத்தியும் தொலைத்தேன்.

ராணி மூச்சிரைக்க ஓடி வந்தாள். “இன்னாடி பண்ணே?”

“தடுத்தேன்.”

“எதைடி தடுத்தே? நம்ம கோப்பையையா?”

பாஸ்கர் சார் மெதுவாக நடந்து வந்தார். கத்தியிருந்தால் பரவாயில்லை. தாழ்ந்த குரலில், “ஹாக்கியை விடறியா?” என்றார்.

எனக்கு அழுகை வரவேண்டிய இடத்தில் எப்போதும் கோபம்தான் வரும். கிளவுஸைக் கழற்றி அவர் கையில் திணித்தேன்.

“ஹாக்கியை விடமாட்டேன். இதை விட்டுடறேன். பேட்டிங் பண்றேன், பவுண்டரியில நிக்கிறேன். அங்க காலால தடுத்தா யாரும் கேக்கமாட்டாங்கல்ல?”

அவர் டீ கேனைப் பார்த்தார். என் காலைப் பார்த்தார்.

“தடுக்கலாம். உதைக்கக் கூடாது.”

செலக்டர் அன்றைக்கு என் பெயரைக்கூடக் கேட்கவில்லை. பவுண்டரியில் நின்றே இந்திய கிரிக்கெட் அணிக்குள் நுழைய எனக்குச் சில வருடங்கள் ஆயின. ஆனாலும் நுழைந்தேன். இரண்டு விளையாட்டிலும் நாட்டுக்காக ஆடியவள் என்று ஊரில் மாலை போடுகிறார்கள். வீட்டில் அந்த மரியாதை எல்லாம் கிடையாது.

போன மாதம் ஜெரால்டின் குழந்தைக்கு ஞானஸ்நானம். முடிந்ததும் ஆசையாகக் கையை நீட்டினேன். குழந்தையைக் கொடுக்க வந்த மனைவியை ஜெரால்ட் தடுத்தான்.

“இரு, இரு. மொதல்ல செருப்பைக் கழட்டச் சொல்லு.”

சுற்றி நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். ஞானஸ்நானம் கொடுத்த ஃபாதர்கூட.

“மரியாதையா குடுடா” என்று பல்லைக் கடித்தேன்.

ஆனால் கழற்றிவிட்டுத்தான் வாங்கினேன்.