திங்கட்கிழமை வரவேற்புப் பாட்டு

ஒரு காட்டில், சதுப்பு நிலத்தின் கரையில், ஒரு பள்ளிக்கூடம் நடந்துவந்தது. தலைமையாசிரியர் கரடி. கடல் தாண்டிய குளிர்நாட்டில் வாத்துகள் நடத்தும் பள்ளியோடு அவர் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார். இரு பள்ளி மாணவர்களும் தவளைகளையும் சதுப்பு நிலத்தையும் பற்றிப் படிப்பார்கள். திங்கட்கிழமை திரை வழியே சந்தித்து, படித்ததைக் காட்டுவார்கள்.

சதுப்பில் குடியிருந்த தவளைக்குப் பெருமை தாங்கவில்லை. "நம்மளப் பத்திதான் பாடமாம்" என்று தன் தலைப்பிரட்டைகளிடம் சொன்னது.

பெரியவர்கள் பார்வையிட வந்தால் அந்தக் காட்டில் என்ன செய்வார்களோ அதைக் கரடி செய்தார். கோரையை வெட்டினார். சேற்றில் கிராவல் கொட்டினார். கரை நெடுக பிளீச்சிங் பவுடரால் கோடு போடச் சொன்னார்.

தவளை ஓடிவந்தது. "சார், பவுடர் தண்ணியில கலந்தா என் பிள்ளைங்க செத்துரும்."

"சேத்தைப் பார்த்தா அவங்க நம்ம காட்டப் பத்தி என்னம்மா நினைப்பாங்க?"

"அவங்க நேர்லயே வரலையே சார். திரையிலதானே பார்க்கிறாங்க?"

"திரையிலதான் பெரிசு பண்ணிப் பார்ப்பாங்க."

"கால் முளைக்கிற வரைக்குமாவது பொறுங்க சார். கூட்டிட்டுப் போயிடுறேன்."

"நிகழ்ச்சி திங்கக்கிழமை. கால் முளைக்கிறது உங்க குடும்ப விஷயம்."

ஞாயிறன்று மழை தூறியது. பவுடர் கரைந்து தண்ணீரில் இறங்கியது. தலைப்பிரட்டைகள் செத்து மிதந்தன. அவற்றை வலையால் அள்ளிக் கொட்டிய மாணவர்களுக்குக் களப்பணி மதிப்பெண் கிடைத்தது.

திங்கட்கிழமை திரையில் வாத்து ஆசிரியை தோன்றினார். மறுபடியும் வெள்ளைக்கோடு போட்ட கிராவல் தரையைக் கரடி காட்டினார்.

"எவ்வளவு சுத்தம்! எங்கள் சதுப்பு நிலத்தையும் இப்படித்தான் பாதுகாத்தோம்" என்றார் ஆசிரியை. "தவளை உண்டா?"

தவளை மேசைமேல் தாவி ஏறியது. கேமராவைப் பார்த்து, "என் பிள்ளைங்களக் கொன்னுட்டாங்களே!" என்று தொண்டை கிழியக் கத்தியது.

"என்ன சொல்கிறது?"

"வரவேற்புப் பாட்டு, மேடம்."

முன்வரிசை முயல்குட்டி எழுந்தது. "சார், அது பாட்டு இல்ல சார்."

"உனக்குக் களப்பணி மார்க் வேணுமா, வேணாமா?"

முயல்குட்டி உட்கார்ந்து கைதட்டியது. வாத்துகளும் கைதட்டின. இன்னொரு முறை பாடச் சொல்லிக் கேட்டு, பதிவு செய்துகொண்டன.

இப்போது குளிர்நாட்டுப் பள்ளியில் தினமும் காலை வணக்கத்துக்கு அதைத்தான் பாடுகிறார்கள். உச்சரிப்பு சுத்தமாக இருக்கிறதாம்.

நீதி: கால் முளைக்கும் முன் பாடமாகிவிடாதே.