அந்தோணி எனக்கு வைத்த பெயர்

அம்பத்தூரில் எங்கள் ஏழாம் வகுப்பில் கிண்டலையே ஒழித்துக்கட்டியவன் நான்தான். (பொய். ஒழித்தது ஸ்டெல்லா டீச்சர். ஒழிக்கவேண்டிய சரக்குதான் நான்.) ஒருத்தரை விடாமல் பட்டப்பெயர் வைப்பேன். படிப்பு வராதவனுக்கு வேறென்ன தொழில்?

எண்பதுகளின் கடைசியில், காது கேட்காத அந்தோணி வந்து சேர்ந்தான். 'ரேடியோ' என்று பெயர் வைத்தேன். அது அவனுக்குக் கேட்காது என்பதில்தான் என் வீரமெல்லாம்.

டீச்சர் அடிக்கவில்லை. என்னை அவன் பக்கத்தில் உட்காரவைத்து, தினமும் பிரேயர் முடிந்ததும் அவனையே எங்களுக்குச் சைகை சொல்லித்தர வைத்தார். சைகையில் ஆளுக்கொரு பெயர் வேண்டுமாம். வைத்தவன் அந்தோணி. லீடர் செல்விக்கு ரெட்டைச்சடை. டீச்சருக்கு மூக்குக்கண்ணாடி. எனக்கு, மூக்கில் விரலை விட்டு ஒரு சுற்று.

"மாமே, உனுக்கு கரீக்டா வெச்சிகீறான்டா!" என்றான் பின்பெஞ்சு மணி. அன்றிலிருந்து மொத்த வகுப்பும் என்னை அப்படித்தான் கூப்பிட்டது. சத்தமே வராத பெயர். டீச்சரிடம் கோள் சொல்லவும் வழியில்லை.

அப்போதுதான் கல்வி அதிகாரி வந்தார். அந்தோணியை எங்கேயோ ஹாஸ்டல் உள்ள பள்ளிக்கு அனுப்பிவிடலாம் என்பது அவர் எண்ணம். அவன் அம்மா கதவோரம் முந்தானையைக் கசக்கிக்கொண்டு நின்றார்.

"இந்த கிளாஸ்ல இவனுக்கு ஃப்ரெண்டுன்னு யாராவது இருக்காங்களா?" என்றார் அதிகாரி.

டீச்சர் சைகையில் கேட்டார். அந்தோணி யோசிக்கவே இல்லை. மூக்கில் விரலை விட்டுச் சுற்றினான். வகுப்பே குபீரென்று சிரித்தது.

அதிகாரிக்கு முகம் சிவந்துவிட்டது. "பாத்தீங்களா டீச்சர்? உங்க எதிர்லயே அவனைப் பாத்து சிரிக்கிறாங்க. இங்க எப்படி விட்டுவைக்கறது?" பேனா மூடியைக் கழற்றினார்.

எழுந்தேன். "சார், அவன பாத்து சிரிக்கல சார். என்னிய பாத்து. அது எம் பேரு சார்."

"எதுடா பேரு?"

செல்வி (அவள்மேல் அப்போது எனக்கு ஒரு இது) திரும்பிப் பார்க்க, விரலை விட்டு முழுதாக ஒரு சுற்று சுற்றிக் காட்டினேன்.

"ச்சீ, எடுறா கைய!" என்றவர், உதட்டைக் கடித்துப் பார்த்தார். முடியவில்லை, சிரித்துவிட்டார். "சரி டீச்சர், பையன் இங்கயே படிக்கட்டும்."

அந்தோணி தங்கினான். நான்தான் எட்டாவதோடு ஓடிப்போனேன். பெயர் மட்டும் விடவில்லை, இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் லேத் பட்டறை வரைக்கும் கூடவே வந்தது. என் கல்யாணத்தன்று பாருங்கள், தாலி கட்டக் குனிகிறேன், அந்தோணி கூட்டத்தின் நடுவே நாற்காலிமேல் ஏறி நின்று...

பெண்டாட்டி எட்டிப் பார்க்கிறாள். "யோவ், இன்னாத்த எழுதிகினே கீற? அந்தோணி அண்ணாத்த வண்டியோட வாசல்ல நின்னுகினு கீறாரு. எத்தினி தபா கூப்புடறது? காது கேக்காதது அவருக்கா, உனுக்கா?"