அப்பாவின் பிரஷர் அட்டவணை

காலை அளவுகள் முப்பது இருந்தன. மாலை அளவுகள் இருபத்தொன்பதுதான் இருந்தன. கம்ப்யூட்டரில் டேட்டா ஃப்ரேம் என்கிற அட்டவணை வரமாட்டேன் என்று அடம்பிடித்தது.

அவள் புள்ளிவிவர அலுவலகத்தில் பன்னிரண்டு வருஷமாக வேலை பார்ப்பவள். எத்தனையோ வருஷத்து மழையை அட்டவணைக்குள் அடைத்தவளுக்கு, அப்பாவின் ஒரு மாதத்து ரத்த அழுத்தத்தை அடைக்க முடியவில்லை. ஆறு மணிக்கு டாக்டரிடம் போக வேண்டும். பிரஷரின் மேல் எண் நூற்று நாற்பதுக்குள் இருந்தால் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருந்தார். அவர் போட்டால்தான் அப்பா பள்ளிக்கூட பஸ் ஓட்டலாம்.

டிரைவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற எட்டு மாதத்தில், வீட்டிலிருந்த அத்தனை ஸ்க்ரூவையும் ஒரு தடவை கழற்றி மாட்டிவிட்டார் அந்த மனுஷர். பஸ் கிடைக்காவிட்டால் அடுத்து எதைக் கழற்றுவாரோ என்று அம்மா கவலைப்பட்டாள். மகளுக்குப் பாவமாக இருந்தது. சும்மா கிடக்கும் அந்தக் கைகளைப் பார்க்க அவளுக்குப் பிடிக்கவில்லை.

டாக்டர் கேட்டதென்னவோ காலையும் மாலையும் அளந்து எழுதிய நோட்டு. அம்மா அதைக் கர்ம சிரத்தையாக எழுதியிருந்தாள். அப்படியே நீட்டியிருந்தால் முடிந்தது வேலை. ஆனால் இவ்வளவு படித்துவிட்டு வெறும் நோட்டை நீட்டுவதா? சராசரியோடு அச்சடித்த அட்டவணைதான் என்று மத்தியானமே ஆபீஸ் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

காலைக்கு ஒரு லிஸ்ட், மாலைக்கு ஒரு லிஸ்ட். இரண்டும் ஒரே நீளத்தில் இருந்தால்தான் டேட்டா ஃப்ரேம் உள்ளே விடும். பதினேழாம் தேதி மாலை, எண் இருக்க வேண்டிய இடத்தில் அம்மா ‘வீட்டில் இல்லை’ என்று எழுதியிருந்தாள். அதைத்தான் இவள் விட்டிருந்தாள். சரி, அதையும் சேர்த்துக்கொள்வோம் என்று இரண்டு லிஸ்டையும் ஒட்டி மேட்ரிக்ஸ் என்கிற கட்டமாக்கி, பிறகு அட்டவணையாக்கினாள்.

அட்டவணை வந்துவிட்டது. ஆனால் மேட்ரிக்ஸில் எல்லாமே ஒரே ரகமாக இருக்க வேண்டும். ஒரு வார்த்தை உள்ளே போனதில் ஐம்பத்தொன்பது எண்களும் வார்த்தைகளாகிவிட்டன. சராசரி கேட்டால் பேச்சு மூச்சில்லை.

எல்லாவற்றையும் எண்ணாக்கச் சொல்லி உத்தரவு போட்டாள். ஆபீஸின் பழைய புரோகிராம் வார்த்தைகளை அகர வரிசையில் அடுக்கி ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர் கொடுத்து வைத்திருந்தது. அந்த நம்பர்களை எடுத்து நீட்டியது. சராசரி பதினொன்று.

பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்தார்.

“உங்க அப்பாவுக்குப் பிரஷர் பதினொண்ணா?”

“ஆமா சார்.”

“இப்போ வீட்லதான் இருக்காரா?”

“பஸ் ஓட்டப் போறார் சார்.”

அவர் திரையை இன்னொரு தரம் பார்த்தார். “எந்த ரூட்டுன்னு மட்டும் சொல்லிடும்மா.”

எல்லாவற்றையும் அழித்தாள். பதினேழாம் தேதி மாலையைக் காலியாக விட்டு, நோட்டில் இருந்தபடியே காலை, மாலை, காலை, மாலை என்று முதலிலிருந்து தட்டி, இரண்டு பத்தி மேட்ரிக்ஸில் கொட்டினாள். காலைச் சராசரி நூற்று முப்பத்தைந்து, மாலைச் சராசரி நூற்று முப்பத்துநான்கு. கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது.

பிரிண்ட் கொடுக்கப் போனவளுக்கு ஏதோ உறுத்தியது. நோட்டை எடுத்து ஒத்துப் பார்த்தாள். மேட்ரிக்ஸ் மேலிருந்து கீழாக நிரப்பியிருந்தது. முதல் பதினைந்து நாள் முழுவதும் ‘காலை’யாகவும், மீதி நாட்கள் ‘மாலை’யாகவும் ஆகியிருந்தன. குறுக்காக நிரப்பு என்று ஒரு சொல் சேர்த்தாள். காலை நூற்றுப் பதினெட்டு. மாலை நூற்று ஐம்பத்திரண்டு.

சரி பார்க்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. தப்பான அட்டவணை இன்னும் திரையில்தான் இருந்தது. ஒரு பொத்தானை அழுத்தினால் அப்பாவுக்கு வேலை. ஆனால் பஸ் நிறைய குழந்தைகள் இருப்பார்களே. சரியானதையே அச்சடித்தாள். கண் கலங்கிவிட்டது.

அப்பா இஸ்திரி போட்ட சட்டையில் டாக்டர் எதிரே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அம்மா பின்னால் பையை மடியில் வைத்திருந்தாள். டாக்டர் அட்டவணையை நிதானமாகப் படித்தார்.

“காலையில நல்லா இருக்கு. சாயங்காலம்தான் தினமும் ஏறுது. பயப்பட ஒண்ணுமில்ல, ஆரம்பத்துலயே தெரிஞ்சது நல்லதாப் போச்சு. ஒரு சின்ன மாத்திரையில சரியாயிடும். ஆனா பஸ்ஸுக்கு இப்போ கையெழுத்துப் போட முடியாது.”

அப்பா சட்டைக் கையை மடித்துவிட்டார். கையை நீட்டினார். டாக்டர் பட்டையைச் சுற்றி அளந்தார். நூற்று இருபது. இன்னொரு கையில் நூற்றுப் பதினெட்டு. சுவர்க் கடிகாரத்தில் மணி ஆறே கால்.

டாக்டர் அட்டவணையை மறுபடி எடுத்து, இதைப் போட்டது யார் என்று கேட்டார்.

“நான்தான் டாக்டர்,” என்றாள் மகள். அவளுக்குத் தன் மேலேயே நம்பிக்கை போயிருந்தது. “மறுபடியும் எங்கேயோ மாத்திப் போட்டுட்டேன் போல.”

“நீ சரியாத்தான் போட்டிருக்கே,” என்றாள் அம்மா. “சாயங்காலமானா இவர் நடக்கக் கிளம்பிடுவார், நோட்டுல இடம் காலியா இருந்தா நீ கோவிச்சுக்குவியேன்னு நானும் வெளியே போன பதினேழாம் தேதி தவிர, தினமும் நான்தான் என் கையில கட்டிப் பார்த்து எழுதினேன்.”