சிறுத்தை வயிற்றில் ஒரு மாப்

ஒரு காட்டில் சிங்கம் கிடையாது. இருந்த ஒரு புலியும் வேறு காட்டுக்குப் போய்விட்டது. ஆகையால் அந்தக் காட்டின் கதையை ஆஸ்பத்திரியிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

அங்கே அறுவை சிகிச்சை செய்பவர் டாக்டர் நீலமேகம் என்ற நாரை. நல்ல நீண்ட அலகு. எட்டாத மூலைக்கெல்லாம் அலகை விட்டு, கல்லோ கட்டியோ, எடுத்துவிடுவார். எடுப்பதில் அவருக்கு நிகர் யாரும் இல்லை. தான் வைத்ததை எடுப்பதில்தான் கொஞ்சம் மறதி. ரத்தத்தை ஒற்றுவதற்கு வயிற்றுக்குள் பஞ்சுத்துணி வைப்பார்கள். அறுவை அறையில் அதற்கு மாப் என்று பெயர். டாக்டர் அதை உள்ளேயே விட்டுத் தைத்துவிடுவார். குடல்வால் எடுக்கப் போன கரடி, போனதைவிட எடை கூடி வீட்டுக்கு வந்தது. பிறகு அதன் வயிற்றை மறுபடி திறந்து பார்த்தபோது, ஒரு தலையணைக்குப் போதுமான பஞ்சு கிடைத்தது.

கரடி விஷயம் வெளியே தெரிந்ததும் காடு முணுமுணுத்தது. ஆஸ்பத்திரி மேலாளர் ஜம்புலிங்கம் என்ற கருமந்தி நகரத்துக்குப் போய் ஒரு கருவி வாங்கி வந்தார். திறப்பு விழாவில் அவர் சொன்னார்:

"இனிமேல் ஒவ்வொரு மாப்பிலும் அரிசி அளவுக்கு ஒரு சிப் தைத்திருக்கும். மாப் எங்கே இருந்தாலும் இந்தத் திரையில் பச்சைப் புள்ளியாகத் தெரியும். நம் ஆஸ்பத்திரியில் இனி ஒரு மாப்பும் காணாமல் போகாது."

வாங்கியதுதான் வாங்கினோம், பெரிதாக இருக்கட்டும் என்று ஆன்டெனாவை இலவமரத்து உச்சியில் கட்டினார். அறுவை அறைக்குள் மட்டும் தெரிய வேண்டிய புள்ளி, காடு முழுக்கத் தெரியும்படி ஆயிற்று. திரையையும் எல்லோரும் பார்க்கட்டும் என்று நோயாளிகள் காத்திருக்கும் கூடத்தில் மாட்டினார்.

கருவி வந்த பிறகு முதலில் படுத்தவன் வீரபாகு என்ற சிறுத்தை. முள்ளம்பன்றியை அவசரமாகத் தின்றதில் ஒரு முள் இரைப்பையில் குத்திக்கொண்டது. டாக்டர் முள்ளை அழகாக எடுத்தார். அழகாகத் தைத்தார். நர்ஸ் செல்லத்தாயி என்ற கீரி, சொல்லிக்கொடுத்தபடி கருவியின் வளையத்தை வயிற்றின் மேல் நகர்த்தினாள். பீப் என்றது.

"டாக்டர், உள்ள ஒண்ணு இருக்கு."

"இப்பதானே தைச்சேன்?" என்றார் டாக்டர். "மேலாளரைக் கூப்பிடு."

ஜம்புலிங்கம் வந்து திரையைப் பார்த்தார். சிறுத்தை படுத்திருக்கும் இடத்தில் பச்சைப் புள்ளி பளிச்சென்று இருந்தது. அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"கருவி வேலை செய்கிறதே" என்றார்.

"மாப்பை எடுக்க வேண்டாமா சார்?" என்றாள் செல்லத்தாயி.

"காணாமல் போன மாப்பைத்தான் வயிற்றை மறுபடி திறந்து எடுக்க வேண்டும் என்பது விதி. இது காணாமல் போயிருக்கிறதா?"

"இல்ல சார். இருக்கற இடம் தெரியுது."

"பிறகென்ன?"

டாக்டருக்கும் அது நியாயமாகப் பட்டது. ஆற்றில் மீன் ஏறும் நேரம் வேறு. வீரபாகுவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

சில நாள் கழித்து, கனகவல்லி என்ற புள்ளிமான் கால் பிசகி ஆஸ்பத்திரிக்கு வந்தாள். கட்டுப் போட்டுக்கொள்ளக் காத்திருந்த நேரத்தில் திரையைப் பார்த்தாள். ஒரு பச்சைப் புள்ளி மெல்ல மெல்ல, நின்று நின்று, குளத்தை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது.

"நர்சம்மா, அது என்ன?"

"சிறுத்தை வயித்துல நாங்க விட்ட மாப்."

கனகவல்லியின் அக்காவும் சித்தி பெண்களும் அந்த நேரத்தில் அந்தக் குளத்தில்தான் தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பார்கள். அவள் நொண்டிக்கொண்டே ஓடி, டோக்கன் கூப்பிடும் மைக்கைப் பிடித்து, "அக்கா, சிறுத்தை, நாணலுக்குப் பின்னாடி" என்றாள். இலவமரத்தில் ஆன்டெனாவோடு கட்டியிருந்த ஒலிபெருக்கி காடெங்கும் அதைச் சொன்னது. குளக்கரை காலியாயிற்று. நாணலுக்குப் பின்னால் பாய்வதற்குப் பதுங்கியிருந்த வீரபாகு, யார் சொன்னது என்று வானத்தைப் பார்த்தான்.

அன்றிலிருந்து ஆஸ்பத்திரியில் மான் கூட்டம். தலைவலி என்று ஒன்று வரும், கொம்பு அரிக்கிறது என்று ஒன்று வரும். வந்து திரையைப் பார்த்தபடி உட்கார்ந்துகொள்ளும். கனகவல்லி மைக் பக்கத்திலேயே இடம் பிடித்துவிட்டாள். பொது இடத்தில் மரியாதை வேண்டும் என்று ஜம்புலிங்கம் கண்டித்ததால், அறிவிப்பும் மரியாதையாகவே போகும்.

"அன்பார்ந்த பொதுமக்கள் கவனத்துக்கு. திரு. வீரபாகு அவர்கள் தற்போது மூங்கில் புதருக்குள் இருக்கிறார்கள். வால் ஆட்டுவதாகத் தெரிகிறது."

வால் ஆடுவது திரையில் தெரியாது. அது கனகவல்லியின் சொந்தச் சரக்கு.

வீரபாகுவின் பாடு திண்டாட்டமாகிவிட்டது. எங்கே பதுங்கினாலும் அவன் பெயர் அவனுக்கு முன்னால் போய் நின்றது. மானுக்காகச் சொன்னதைக் கேட்டு முயலும் ஓடியது, காட்டுக்கோழியும் ஓடியது. போதாததற்கு வயிற்றில் வலி ஆரம்பித்தது. ஒருநாள் ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டான். கூடம் நிறைய மான்கள். நாக்கில் நீர் ஊறியது. ஆனால் ஆஸ்பத்திரி வளாகத்துக்குள் நோயாளியை நோயாளி தின்னக்கூடாது. டோக்கன் வாங்கிக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

"எங்கே வலிக்குது?" என்றார் டாக்டர்.

"நீங்க வச்ச இடத்துல."

டாக்டர் ஜம்புலிங்கத்தைப் பார்த்தார். ஜம்புலிங்கம் பொறுமையாக விளக்கினார். மாப் காணாமல் போனால் மட்டுமே வயிற்றைத் திறக்க முடியும். வீரபாகுவின் மாப் இந்தக் காட்டிலேயே மிகவும் காணப்படுகிற மாப்.

"அது தொலைஞ்சா எடுப்பீங்களா?"

"தொலைந்த மறு நிமிடமே தேடி எடுப்போம்."

"என் வயித்துக்குள்ள இருக்கறத நான் எப்படிங்க தொலைக்கறது?"

"அது உங்கள் முயற்சியைப் பொறுத்தது" என்றார் ஜம்புலிங்கம்.

வீரபாகு முயற்சி செய்தான். ஆற்றில் மூழ்கிக் கிடந்து பார்த்தான். ஆற்றுக்கு நடுவில் புள்ளி தெரிந்தது. சேற்றைப் பூசிக்கொண்டு பார்த்தான். சேற்றுக்கும் மாப்புக்கும் சம்பந்தமில்லை. கடைசியில் பாறைச் சரிவில் போய்ப் படுத்துவிட்டான்.

திரையில் புள்ளி நின்றுவிட்டது. ஒரு நாள் முழுக்க அசையவில்லை. அடுத்த நாளும் அசையவில்லை. மான்கள் கூடத்தில் துள்ளிக் குதித்தன. "முடிஞ்சுது கதை" என்றாள் கனகவல்லியின் அக்கா. "இனி இந்த நாற்காலியில உக்கார வேண்டியதில்ல."

கனகவல்லி துள்ளவில்லை. இத்தனை நாளும் அந்தப் புள்ளி தூங்கும்போதுதான் அவள் சாப்பிடுவாள். அது எழுந்தால் இவளும் எழுவாள். சொந்த அண்ணன்மார் எங்கே மேய்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியாது. வீரபாகு எந்த நேரத்துக்கு எந்த மரத்தில் முதுகு சொறிவான் என்று தெரியும். அவளுக்கே வெட்கமாக இருந்தது. இருந்தாலும் பார்த்துவிட்டு வருகிறேன் என்று யாரிடமும் சொல்லாமல் கிளம்பினாள்.

பாறைக்குக் கீழே அவன் எலும்பும் தோலுமாகக் கிடந்தான். வயிறு மட்டும் உப்பியிருந்தது. அவள் எட்டாத தூரத்தில் நின்றாள்.

"அண்ணே, உசிரு இருக்கா?"

"நீதானே அந்த மைக்?" என்றான் அவன், கண்ணைத் திறக்காமல். "குரலை வச்சே தெரிஞ்சுது. கிட்ட வாம்மா, கடிக்கறதுக்குத் தெம்பில்ல."

"பரவாயில்ல, இங்கயே நிக்கிறேன்."

"சந்தோஷமா எல்லாருக்கும்?"

கனகவல்லி குளம்பால் மண்ணைக் கீறினாள்.

"சந்தோஷமா இருங்க. நான் போயிட்டா இந்த எல்லைக்குப் பூவராகன் வருவான். என் சித்தப்பா மகன். மலைக்கு அந்தப் பக்கம் இடம் போதலைன்னு ரொம்ப நாளா சொல்லிக்கிட்டிருக்கான். நல்ல உடம்பு. ஒரு நாள் ஒரு தும்மல் கிடையாது. ஆஸ்பத்திரி வாசலை மிதிச்சதே இல்ல."

கனகவல்லி வந்த வழியே ஓடினாள். அன்று மாலையே மான்கள் எல்லாம் கூடின. அவள் விஷயத்தைச் சொல்லி முடித்ததும் யாரும் துள்ளவில்லை. மூங்கிலை வெட்டிப் படுக்கை கட்டி, வீரபாகுவை அதில் கிடத்தி, தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தார்கள். தன் வாழ்நாளில் எத்தனையோ மானைத் தூக்கிக்கொண்டு போன சிறுத்தை, மான்கள் தன்னைத் தூக்கிப் போவதைப் பார்க்கக் கூச்சப்பட்டுக் கண்ணை மூடிக்கொண்டான்.

"உடனே திறக்கணும்" என்றார் டாக்டர். அன்று அவருக்கு மீன் ஞாபகம் இல்லை. நோயாளியின் நிலை அப்படி இருந்தது.

"திறக்க முடியாது" என்றார் ஜம்புலிங்கம். "பாருங்கள், திரையில் மாப் தெளிவாகத் தெரிகிறது."

கனகவல்லி திரைக்குப் பக்கத்தில் போனாள். சுவரிலிருந்த ஒயரை வாயால் கவ்வி இழுத்தாள். திரை கறுப்பாயிற்று.

"சார், மாப் எங்க இருக்கு?"

ஜம்புலிங்கம் திரையைத் தட்டிப் பார்த்தார். பின்பக்கம் எட்டிப் பார்த்தார். அவர் முகம் வெளிறியது.

"காணோம்" என்றார். "டாக்டர், மாப்பைக் காணோம். நம் ஆஸ்பத்திரி பெயர் என்னாவது? சீக்கிரம் திறந்து தேடுங்கள்."

டாக்டர் திறந்தார். தேடவே வேண்டியிருக்கவில்லை. நாறிப்போன மாப்பை எடுத்துப் போட்டார். சீழைக் கழுவினார். காய்ச்சல் இறங்கும் என்று செல்லத்தாயி வெளியே வந்து சொன்னாள். மான்கள் பெருமூச்சு விட்டன. உடனே கனகவல்லி அறுவை அறைக் கதவுக்குள் தலையை நீட்டினாள்.

"டாக்டர், தைக்கறதுக்கு முன்னாடி புதுசா ஒண்ணு வச்சிடுங்க."

"என்னது?"

"சுத்தமா வேகவச்சது. சின்னதா. வலிக்காத எடமா பார்த்து."

நாரைக்குக் கோபம் வந்துவிட்டது. "நோயாளி வயிற்றில் வேண்டுமென்றே மாப் வைக்கிற டாக்டர் என்று என்னை நினைத்தாயா? என் தொழிலில் அப்படி ஒரு காரியம் கிடையாது. மறந்தால்தான் உண்டு."

"அப்ப மறந்துடுங்க, டாக்டர். உங்களுக்கு அது வரும்."

டாக்டர் ஊசியைக் கீழே வைத்தார். கூடத்தில் நிற்கும் மான் குட்டிகளைப் பார்த்தார். சரி என்று அலகை ஆட்டினார். செல்லத்தாயி வேகவைத்த சிறு மாப் ஒன்றை உறையிலிட்டுத் தைத்துக் கொடுத்தாள். டாக்டர் அதை உள்ளே வைத்து, மறப்பதற்கு முயன்றார். முடியவில்லை. ஊசியை எடுத்ததும் மாப் ஞாபகம் வந்தது. எடுத்துவிட்டார். மறுபடி வைத்தார். மறுபடி ஞாபகம் வந்தது. இத்தனை வருடத்தில் அவ்வளவு கவனமாக அவர் அறுவை செய்ததே இல்லை. வியர்த்து ஊற்றியது.

"என்னால முடியலை செல்லத்தாயி. மறதியே போயிடுச்சு."

செல்லத்தாயி சன்னலுக்கு வெளியே பார்த்தாள். "ஆத்துல இன்னைக்குக் கெண்டை துள்ளுது போலிருக்கே, டாக்டர்" என்றாள், ரொம்பச் சாதாரணமாக.

"அப்படியா?" என்று டாக்டர் திரும்பிப் பார்த்தார். பார்த்தபடியே தைத்து முடித்தார்.

வளையத்தை நகர்த்தியதும் பீப் என்றது. ஒயரைச் செருகினார்கள். திரையில் புள்ளி வந்தது. ஜம்புலிங்கம் நிம்மதியாக உட்கார்ந்தார். "கிடைத்துவிட்டது" என்றார்.

வீரபாகு தெளிந்ததும் முதலில் கேட்டான்: "எல்லாத்தையும் எடுத்தாச்சா டாக்டர்?"

"எடுத்ததை எல்லாம் எடுத்தாயிற்று" என்றார் டாக்டர். அவர் பொய் சொல்லுகிற பறவை அல்ல.

உடம்பு தேறி, வீரபாகு காட்டுக்குள் கால் வைத்த அன்றே ஒலிபெருக்கி முழங்கியது. "திரு. வீரபாகு அவர்கள் பூரண நலத்துடன் ஆலமரத்தைக் கடந்துகொண்டிருக்கிறார்கள். வால் ஆட்டுவதாகத் தெரிகிறது." அவனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு ஆஸ்பத்திரியைப் பார்த்துத் திரும்பினான். அதே நேரத்தில், அவன் செத்திருப்பான் என்று நம்பி மலை ஏறி வந்த பூவராகன், எதிர்ச் சரிவில் நின்று அந்த அறிவிப்பைக் கேட்டான். காடே எழுந்து நின்று ஒருவன் பெயரை 'அவர்கள்' போட்டுச் சொல்வதை அவன் அதுவரை கேட்டதில்லை.

"பெரிய ஆளாயிட்டான் போலிருக்கே" என்று முணுமுணுத்துவிட்டு, வந்த வழியே இறங்கிப் போனான். அவன் முதுகை வீரபாகு மேலிருந்து பார்த்தான். அது மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவன் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை.

இப்போதெல்லாம் அவனுக்குச் சாப்பாடு காட்டுப்பன்றிதான். பன்றிகள் சாப்பிடும்போது போடுகிற சத்தத்தில் எந்த அறிவிப்பும் அவற்றின் காதில் விழுவதில்லை. மான்கள் பக்கம் அவன் வருவது குறைந்துவிட்டது. என்றைக்காவது கனகவல்லிக்குத் தொண்டை கட்டி அறிவிப்பு தாமதமானால் மட்டும், புதரை விட்டு வெளியே வந்து, இலவமரத்தைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நிற்கிறான். வாலைக்கூட ஆட்டிப் பார்க்கிறான்.

நீதி: பக்கத்து வீட்டுக்காரரை மாற்ற முடியாது, மறதியுள்ள டாக்டரிடம் அனுப்பி வைக்கலாம்.