நான்கு ஹலோ தவறினால்

சிவாஜிநகர் பக்கத்தில் ஒரு கம்பெனியில் டிரேவர் நெட்வொர்க் இன்ஜினியர். ரவுட்டர்களைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். மேலாளர் ஷில்பாவிடம் அவற்றைப் பற்றிப் பெருமையாக விளக்கித் தொலைத்தான்.

“ஒவ்வொரு ரவுட்டரும் பக்கத்து ரவுட்டருக்கு ஹலோ சொல்லிக்கிட்டே இருக்கும் மேடம். தொடர்ந்து நாலு ஹலோ வரலேன்னா அது செத்துடுச்சுன்னு அர்த்தம். உடனே அந்தச் சேதிய எல்லாத்துக்கும் பரப்பிடும். எல்லாத்துகிட்டயும் ஒரே மேப். அதப் பாத்து செலவு கம்மியான வழிய அதுஅதுவே போட்டுக்கும்.”

“சூப்பர் டிரேவர்! நம்ம ஸ்டாஃபுக்கும் இதையே வெச்சிடலாம்.”

மறுநாளே சுற்றறிக்கை வந்தது. இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது யாதெனில், ஊழியர் ஒவ்வொருவரும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பக்கத்து மேசைக்குப் போனில் ஹலோ அனுப்ப வேண்டியது. நான்கு தவறினால் இறந்தவராகக் கருதப்படுவார். விடுப்பு விண்ணப்பம் உள்ளிட்ட யாவும் வரைபடத்தில் உள்ள வழியில் மட்டுமே செல்லும்.

சனிக்கிழமை காலை விவேக் நகர் சர்ச்சில் டிரேவரின் மகள் ஜூலியாவுக்குப் புதுநன்மை, முதல்முறையாக நற்கருணை வாங்கும் பூசை. வெள்ளிக்கிழமையே அதற்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, சர்வர் ரூமில் ரிப்பேர் பார்க்கப் போனான். உள்ளே சிக்னல் கிடையாது. வெளியே வர ஐம்பது நிமிடம் ஆனது.

“நீங்க இல்ல சார்,” என்றார் பக்கத்து மேசை கிருஷ்ணப்பா, துக்கம் விசாரிக்கும் குரலில்.

“இதோ நிக்கறேனே!”

“எனக்குத் தெரியுது சார். மேப்ல இல்லியே. முப்பது பேர்கிட்டயும் ஒரே மேப். முப்பதுமா தப்பா இருக்கும்?”

“என் லீவு?”

“இல்லாதவங்களுக்கு வழி கிடையாது. இன்னிக்கு மேப்ப மூடியாச்சு. நாளைக்குக் காலைல வந்து ஹலோ சொல்லுங்க, நான் பதில் ஹலோ சொன்னா உயிர் வந்துடும். பேஜார் பண்ணிக்காதீங்க சார், ரூல் நீங்க சொன்னதுதானே?”

சனிக்கிழமை காலை மேசையில் உட்கார்ந்து டிரேவர் உயிர் பெற்றான். லீவு பதினொரு மணிக்கு வந்தது, லீவிலும் ஹலோ தொடர வேண்டும் என்ற நிபந்தனையோடு. அதற்குள் மனைவி குளோரியா பலமுறை கூப்பிட்டுவிட்டாள். எங்கே ஒரு ஹலோ தவறிவிடுமோ என்ற பயத்தில் ஒவ்வொரு முறையும் கட் செய்தான்.

ஆட்டோ பிடித்து ஓடினான். பூசை முடிந்து வாசலில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவன் நிற்க வேண்டிய இடத்தில் மைத்துனன் க்ளென் நின்றான்.

“நாலு வாட்டி போன் பண்ணேன்,” என்றாள் குளோரியா. “எடுக்கல. நீங்க வரமாட்டீங்கன்னு எல்லாருக்கும் சொல்லிட்டேன்.”

சொல்லித்தான் இருந்தாள். வாசலில் நின்ற அத்தனை பேரும் அவனை ஒரே மாதிரி இரக்கத்தோடு பார்த்தார்கள். எந்த ரவுட்டரும் சேதியை இவ்வளவு வேகமாகப் பரப்பியதில்லை. டிரேவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

வெள்ளை கவுனில் ஜூலியா ஓடி வந்தாள். “ஹலோ டாடி!”

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. பத்து நிமிடம் ஆகிவிட்டது.

“ஒரு நிமிஷம்மா,” என்று சொல்லிவிட்டு, டிரேவர் கிருஷ்ணப்பாவுக்கு ஹலோ அனுப்பினான்.